மான் கண் கொட்டை

மெக்சிகோ சந்தைகளில் சிவப்பு நூலில் கோத்து ஒரு கொட்டையைத் தொங்கவிட்டிருப்பார்கள். வட்டமாக, வழவழவென்று, பழுப்பு நிறம். விளிம்பில் கறுப்புப் பட்டை. மானின் விழி மாதிரியே இருக்கும். பெயரும் அதுதான்: 'ஓஹோ தெ வெனாதோ', மான் கண். பூனைக்காலிக்கு உறவான ஒரு கொடியின் விதை அது. பல நேரம் அதன்மேல் ஒரு புனிதரின் சின்னஞ்சிறு படமும் ஒட்டியிருக்கும்.

'மால் தெ ஓஹோ' எனும் கண்ணேறு அண்டாமலிருக்கத்தான் கைக்குழந்தையின் மணிக்கட்டில் இதைக் கட்டுகிறார்கள்.

பொறாமைக்காரர்தான் கண் வைப்பார் என்றில்லை. பார்வையில் 'வலு' உள்ளவர் ஆசையாகப் பார்த்தாலே குழந்தை காய்ச்சலில் படுத்துவிடும் என்பது அங்குள்ள நம்பிக்கை. அதனால் குழந்தையை ரசிப்பவர் அதைத் தொட்டுவிட வேண்டும். தொடாமல் போவதுதான் தப்பு! கண் பட்டுவிட்டாலோ, பச்சை முட்டையை உடம்பெல்லாம் தடவி, ஒரு தம்ளர் தண்ணீரில் உடைத்து ஊற்றுவார்கள். வெள்ளைக்கரு மேலெழும்பி இழை இழையாக நிற்கும். அதைப் பார்த்துக் குறி சொல்வார்கள்.

ஸ்பெயினில் இந்தக் காவல் வேலை நிலக்கரி இனத்தைச் சேர்ந்த ஒரு கறுப்புக் கல்லுக்கு.

'ஓஹோ' என்றால் கண். நம் காதுக்கு வியப்பொலி போலிருந்தாலும், ஸ்பானியர் ஒருவர் கீழிமையை விரலால் இழுத்துக்கொண்டு அதைச் சொன்னால், 'உஷார்!' என்று அர்த்தம்.