ஜன்னல் கண்ணாடியில் ஒரு பல்லி

மழைக்காலத்து இரவில், விளக்கெரியும் அறையின் ஜன்னல் கண்ணாடிக்கு வெளிப்புறத்தில் ஈசலுக்காகக் காத்திருக்கும் பல்லியை உள்ளிருந்தபடி நிதானமாக நோக்குபவருக்கு, ஒரு பிராணியின் சரீர அமைப்பைக் கத்தி படாமலே கற்கும் பாக்கியம் கிட்டுகிறது. அதன் வயிற்றுத் தோல் அத்தனை மெல்லியது. சினைப்பட்ட பெண் பல்லியாயின், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெண்ணிற முட்டைகள் தோலினூடே தெரியும்.

பாதங்களே இன்னும் பெரிய ஆச்சரியம். மரங்கொத்தி தலைகீழாக ஓடுவதற்குப் பல்லியை உவமை காட்டினார் அரிஸ்டாட்டில். ஆனால் அந்தப் பிடியின் சூட்சுமம் விளங்க அதன்பின் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விரல்களின் அடியில் குறுக்கே ஓடும் மடிப்புகள் வெறுங் கண்ணுக்கே புலப்படும். அம்மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் நுண்ணிய ரோமங்கள், டோக்கே என்னும் பெரிய இனத்தில்கூட ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு நீளமே உடையவை. ஒவ்வொரு ரோமமும் நுனியில் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து சுவரோடு மிக நெருங்கிப் பொருந்துவதால், மூலக்கூறுகளுக்கிடையே இயல்பாகவுள்ள அற்பமான கவர்ச்சி, எண்ணிறந்த நுனிகளில் திரண்டு உடலையே தாங்கும் சக்தியாகிறது. பசையுமில்லை, உறிஞ்சுதலுமில்லை. கெல்லார் ஆட்டம் என்னும் அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 2000-ஆம் ஆண்டில் ஒற்றை ரோமத்தின் பிடிவலிமையை அளந்தனர். டச்சு பௌதிக அறிஞர் வான் டெர் வால்ஸின் பெயரால் வழங்கும் கவர்ச்சியே இதற்குக் காரணமென 2002-இல் நிலைநாட்டினர். இத்தனை உறுதியான பிடியைப் பல்லி நொடியில் விடுவிப்பதும் கண்ணாடியில் தெரியும்: விரலை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டி உரித்தெடுக்கிறது.

வாலைப் பற்றியும் சொல்லவேண்டும். சிறுவர்கள் துடைப்பத்தால் அடித்து, அறுந்த வால் துடிப்பதை வேடிக்கை பார்ப்பது என் மனத்தை வருத்துவதுண்டு. ஏனெனில் அந்த வால், பஞ்ச காலத்துக்கென்று பல்லி கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கும் இடம். வால் முள்ளெலும்புகளிலேயே முறிவதற்கென்று அமைந்த நலிந்த தளங்கள் உண்டு. முறிந்தவுடன் தசைகள் ரத்தக் குழாயை இறுக்கிவிடுவதால் ரத்தம் அதிகம் சிந்துவதில்லை. மீண்டும் முளைக்கும் வாலிலோ எலும்புக் கணுக்கள் கிடையா. நீண்ட குருத்தெலும்புக் குழல் ஒன்றே உள்ளது. ஆகவே அடுத்த முறிவு, பழைய எலும்பு எஞ்சியுள்ள மேற்பகுதியில்தான் நிகழ இயலும். கண்ணாடியிலுள்ள பல்லியின் வாலில் நிறமும் செதில் வரிசையும் ஓரிடத்தில் சட்டென்று மாறியிருந்தால், அது ஒருமுறை இழந்து மீண்டும் வளர்ந்த வாலென்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.