மலை மூதாட்டியின் கணக்கு

ஜவ்வாது மலையிலே, ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் எதற்குச் சென்றாலும், எழுபது பிராயம் கடந்த மூதாட்டி ஒருத்தியை அடுப்பங்கரையிலோ வாசலிலோ காணலாம். அவள் பெயரை நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஒருத்தியைச் சொன்னால் பலரைச் சொன்னதாகும். தேசத்தின் நன்மை தீமைகளை நாள்தோறும் பத்திரிகையில் வாசிக்கும் அன்பர்கள், இன்று அவளுடைய ஒரு பகற்பொழுதைச் சற்றே உடனிருந்து பார்க்கும்படி வேண்டுகிறோம்.

கோழி கூவும்போதே அவள் எழுந்து விடுகிறாள். முழங்கால் மடங்க மறுக்கிறது. ஆயினும் குடத்தை எடுத்தாக வேண்டும். மகனும் மருமகளும் ஊரில் இல்லை. மானாவாரி நிலத்தில் சாமை அறுப்பு முடிந்துவிட்டால் மலையிலே பிழைப்புக்கு வழி குறைவு. ஆகவே கூலி தேடிக் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும், கேரளத்திற்கும், திருப்பூருக்கும் இளையோர் இறங்கி விடுகின்றனர். பேரப் பிள்ளைகள் கிழவியின் பொறுப்பு. அவர்களுக்குக் களி கிளறி, தலை வாரி, பள்ளிக்கூடத்திற்கு அனுப்ப வேண்டும். முதுமையில் தன்னைக் காப்பார்கள் என்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள், முதுமையில் அப்பிள்ளைகளின் பிள்ளைகளைக் காத்து வருகிறாள்.

முற்பகலில் உபகாரச் சம்பளம் வாங்கும் வேலை. வங்கியின் முகவர் கைரேகை இயந்திரத்துடன் வந்திருக்கிறார். ஐம்பது வருஷம் களைக்கொட்டும் அரிவாளும் பிடித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? இயந்திரம் அவளை அறியேன் என்கிறது. விரலைச் சேலையில் துடைத்து மறுபடியும் வைக்கிறாள். கட்டை விரல் ஆகாவிட்டால் ஆள்காட்டி விரல். அதுவும் ஆகாவிட்டால் வேறொரு நாள். உழைத்துத் தேய்ந்த விரலே, உழைத்தவளுக்குச் சேர வேண்டியதைத் தடுத்து நிற்கிறது.

சரி, ரேகை பதிந்தது என்றே வைத்துக் கொள்வோம். கையில் வருவது என்ன? தமிழ்நாட்டில் முதியோர் உபகாரச் சம்பளம், காமராஜர் முதன் மந்திரியாக இருந்த 1962ஆம் ஆண்டில் மாதம் 20 ரூபாயுடன் தொடங்கியது. 2011இல் 1,000 ரூபாயாகவும், 2023இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. 1,200ஐ முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 40 ரூபாய். இதிலே மத்திய சர்க்காரின் பங்கைக் கேட்டால் வாசகர்கள் வெட்கித் தலை குனிவார்கள். தேசிய முதியோர் உபகாரச் சம்பளத் திட்டம் 1995இல் 75 ரூபாயுடன் பிறந்தது. 2007இல் இந்திரா காந்தி அம்மையாரின் பெயரில் அது விரிந்தபோது தொகை 200 ரூபாய். அதன் பின் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக, எண்பது வயதுக்கு உட்பட்டோருக்கு அந்த 200 ரூபாய் அசையவே இல்லை. நாளொன்றுக்கு ஏழு ரூபாய்க்கும் குறைவு! அரிசி, பருப்பு, பஸ் கட்டணம் எல்லாம் ஏறின. இது ஒன்றுதான் நின்ற இடத்திலேயே நின்றது. இதனை உயர்த்துமாறு பாராளுமன்றத்தின் கிராம அபிவிருத்தி நிலைக்குழு பன்முறை எடுத்துரைத்தும் செவி சாய்ப்பார் இல்லை.

பிற்பகலில் தேகத்தின் முறை. 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிய பின், ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்லதை நல்லதென்று சொல்ல நாம் தயங்கமாட்டோம். ஆனால் கண்ணில் படர்ந்த புரையை அறுக்க அவள்தான் மலையிறங்க வேண்டும். சர்க்கார் வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பது மெய்யே. போய் வருவது இலவசமா? போளூருக்கோ திருவண்ணாமலைக்கோ பஸ் ஏற வேண்டும். துணைக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அன்றைய கூலி போகும். பேரப் பிள்ளைகளை யாரிடம் விடுவது? ஆகவே கண்ணை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போடுகிறாள்.

இதே மலைத்தொடரில், காவலூரில், 2.34 மீட்டர் குறுக்களவுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி இருக்கிறது. 1986இல் பிரதம மந்திரி ராஜீவ் காந்தி அதனைத் திறந்து வைத்தார். வான சாஸ்திர வல்லுநர் வைணு பாப்புவின் பெயரை அந்நிலையம் தாங்கி நிற்கிறது. அது தேசத்தின் பெருமை. அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவ்வளவு தொலைவிலுள்ள நட்சத்திரத்தைக் காணத் தெரிந்த தேசம், அதே மலையில் மங்கி வரும் கண்ணையும் காண வேண்டும் என்றே சொல்கிறோம்.

அந்தி சாய்ந்தபின் டெலிவிஷனில் உலகச் செய்தி ஓடுகிறது. காட்டு ஊர்க் கிழவிக்கு உலகச் சங்கதி எதற்கு என்று நகைப்போரும் உண்டு. அவர்கள் அவளுடைய எண்ணெய்க் குப்பியைப் பார்க்கட்டும். 2022இல் ருஷியாவும் உக்ரைனும் பொருதியபோது சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறிற்று. அவ்வருஷம் ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பனை எண்ணெய் ஏற்றுமதியை மூன்று வார காலத்துக்கு மேல் நிறுத்தி வைத்தது. எங்கோ மூண்ட யுத்தம் இவளுடைய தாளிப்புக் கரண்டியில் வந்து முடிந்தது.

2023ஆம் ஆண்டை, இந்தியா முன்மொழிந்தபடி, ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. இவள் காலமெல்லாம் விதைத்துக் குற்றி உண்ட சாமைக்கு உலக சபையிலே மரியாதை! அந்த மரியாதை அவளுடைய களத்து மேட்டுக்கு நல்ல விலையாக வந்து சேர வேண்டாமா?

இன்னொரு செய்தியை மலைத் தாய்மார் மறக்கமாட்டார்கள். செம்மரம் கடல் கடந்த நாடுகளில் பெருவிலை போகும் சரக்கு. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலக் காட்டில், மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திரப் போலீசார் சுட்டுக் கொன்ற 20 தமிழ்த் தொழிலாளரில் ஜவ்வாது மலையினரும் இருந்தனர். வெளியூர் போன மகனிடமிருந்து நாலு நாள் பேச்சில்லை என்றால் மலையிலே தாய்க்கு உறக்கம் வருமா?

வீட்டுக் கவலை, உடல் நோவு, உலகச் செய்தி என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது நம் வழக்கம். அவளுக்கோ மூன்றும் ஒரே நாளின் ஒரே பாரம். அந்தப் பாரத்தைத் தேசம் பகிர்ந்து கொள்வது தர்மமா, கடமையா என்பதே கேள்வி.

ஜெர்மனி 1889இலேயே முதியோருக்குச் சட்டம் செய்தது. இங்கிலாந்து 1908இல், எழுபது வயது கடந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் என்று சட்டமியற்றியது. அதே இங்கிலாந்து அக்காலத்தில் நம்மையும் ஆண்டது. ஆயினும் நம் குடியானவக் கிழவிக்கு அத்தகைய சட்டம் ஒன்றும் செய்யவில்லை. அந்த அநீதியை எதிர்த்தே சுயராஜ்யம் கேட்டோம். சுயராஜ்யம் வந்தபின் நாமே எழுதிய அரசியல் சட்டத்தின் 41ஆவது ஷரத்து, வேலையில்லாத போதும், முதுமையிலும், நோயிலும் பொது உதவி பெறும் உரிமையைப் பேசுகிறது. பொருளாதார சக்திக்கு இயன்ற அளவில் என்று ஒரு நிபந்தனையும் அதில் உண்டு. இத்தனை வளர்ந்த பின்னும் நாளைக்கு ஏழு ரூபாய்தான் நம் சக்தி என்றால், யார் நம்புவார்கள்?

நாம் கோருவன மிகையல்ல. விலைவாசி ஏறுந்தோறும் உபகாரச் சம்பளமும் ஏறும்படி சட்டம் செய்க. கைரேகை பதியவில்லை என்ற காரணத்தால் ஒரு மாதத்துப் பணமும் நில்லாதிருக்க மாற்று வழி செய்க. மாத்திரை ஏறிய மலைக்குக் கண் வைத்தியரும் ஏறட்டும்; அல்லது நோயாளியையும் துணையாளையும் சர்க்கார் வண்டியே இறக்கி ஏற்றட்டும். 2023இல் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களின் ரேஷன் கடைகளுக்குக் கேழ்வரகு வந்ததுபோல், மலைச் சாமையையும் நல்ல விலைக்கு வாங்கிக் கடைகளில் வைக்கட்டும்.

தேர்தல் வந்தால் மலையேறும் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. அவளிடம் வோட்டுக் கேட்குமுன், 40 ரூபாயில் ஒரு நாளை எப்படி ஓட்டுகிறாய் என்று கேளுங்கள். அவள் சொல்லும் கணக்கை எழுதி வாருங்கள். சட்டசபையிலும் பாராளுமன்றத்திலும் வாசிக்க வேண்டிய கணக்கு அதுதான்.