முதுகுச் சிகிச்சையும் மனத்தின் ஆயத்தமும்

தென்காசிக்கு அணித்தாக விளங்கும் ஆய்க்குடியிற் பிறந்த திரு. எஸ். இராமகிருஷ்ணன், பொறியியல் மாணாக்கராயிருந்தபோது, 1975-ஆம் ஆண்டில் கடற்படை அதிகாரித் தேர்வின்பொருட்டுப் பெங்களூர் சென்றார். ஆங்கு உடற்றிறச் சோதனையில் வீழ்ந்து, கழுத்திற் தண்டுவடம் ஊறுபட, அதன் கீழுள்ள உடல் செயலிழந்தது. அவரைப் பேணிய படைத்துறை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் என்பார், சிகிச்சையோடு அமையாது ஊக்கமும் ஊட்டினார். அந்நன்றி மறவாது அவர் பெயராலேயே இராமகிருஷ்ணன் 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தண்டுவடம் ஊறுபட்டோர் பலர்க்கு அது புகலிடமாயிற்று.

இத்தகைய பேரிடர் சிலர்க்கே நேர்வது. ‘டிஸ்க்’ பிதுங்கி நரம்பை நெருக்குதலால் முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோரோ நம் ஊர்தோறும் உளர். இருவர் நிலையும் வேறெனினும், முதுகைப் பேணுங்கால் மனத்தையும் பேணுதல் வேண்டும் என்பது இருவர்க்கும் ஒக்கும்.

அறுவை நன்கு முடிந்தும் சிலர்க்கு வலி மாதக்கணக்கில் நீடிக்கின்றது. அஃது ஏன்? புண்ணினின்று நரம்பு கொண்டுசெல்வது செய்தியே. அதனை வலியாக உணர்வது மூளை. தண்டுவடத்தில் ஒரு வாயில் உண்டென்றும், மூளையின் ஏவலால் அது திறக்கவும் அடைக்கவும் படுமென்றும் மெல்ஜாக், வால் என்னும் அறிஞரிருவர் 1965-இல் விளக்கினர். அச்சமும் கவலையும் அவ்வாயிலை அகலத் திறக்கும். அஞ்சுவோர் அசையாது கிடப்பர், தசை இறுகும், சிறு செய்தியும் பெருநோவாகும். ஆகவே வலி பொய்யென்பது பொருளன்று. மெய்யான வலியை அச்சம் மிகுவிக்கின்றது என்பதே பொருள்.

பாஸ்டன் நகரத்து மருத்துவமனையொன்றில், வயிற்றில் அறுவை செய்துகொண்ட 97 பேரை ஆராய்ந்த முடிவு 1964-இல் வெளியாயிற்று. எங்கே வலிக்கும், எத்துணைநாள் வலிக்கும், எங்ஙனம் தளர்ந்து மூச்சுவிடல் வேண்டும் என்பவற்றை ஒரு பகுதியார்க்கு விளக்கியிருந்தனர். அவர்கட்கு வலிமருந்து ஏறத்தாழப் பாதியே வேண்டியிருந்தது. மற்றையோரினும் சராசரி 2.7 நாள் முன்னரே வீடு திரும்பவும் அவர்களால் இயன்றது.

முதுகு அறுவை பற்றி 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று நம்மை நிதானிக்கச் செய்கின்றது. வலியின் இயல்பை முன்னரே கற்றோர்க்கும் கல்லாதோர்க்கும் ஓராண்டின் பின் வலியளவில் வேற்றுமையில்லை. ஆயினும், கற்றோர் சிகிச்சையை மனநிறைவோடு ஏற்றனர். பின்னர் மருத்துவத்திற்குச் செலவிட்டதும் நூற்றுக்கு 45 பங்கு குறைந்தது. அறிவு வலியை மந்திரம்போல் நீக்கவில்லை. வலிக்கு அடிமையாகாமற் காத்தது.

ஆதலின் அறுவைக்கு முன் செய்யத்தக்கன சில. எது நீங்கும், எது எஞ்சும் என்று மருத்துவரைத் தயங்காது வினவுக. முதல் வாரத்து வலி கேட்டின் அறிகுறியன்று, புண் ஆறும் வழியென்று உணர்க. மெல்ல மூச்சுவிட்டு உடலைத் தளர்த்தப் பயில்க. என்று எழுவது, எத்துணைத் தூரம் நடப்பது என முன்னரே வகுத்துக்கொள்க. துயிலின்மையோ பெருஞ்சோர்வோ இருப்பின் அதனையும் மறையாது கூறுக. ஆனால், கால் வலுவிழந்தாலும் சிறுநீர் அடக்கம் கெட்டாலும் மனப்பயிற்சியென்று காலந்தாழ்த்தலாகாது. உடனே மருத்துவரை நாடல் வேண்டும்.

நம் இல்லங்களில், ‘ஒன்றுமில்லை, பயப்படாதே’ என்று கூறி நோயாளிக்கு யாவற்றையும் மறைப்பதே அன்பென்று கருதுகின்றோம். மறைத்த வலி வந்து தாக்குங்கால், ‘ஏதோ பிழை நேர்ந்தது’ என்று அவர் உள்ளம் நடுங்கும். முன்னறிந்த வலியோ எதிர்பார்த்த விருந்தினனாய் வந்து செல்லும். மாணவ நண்பர்காள்! நும் தந்தையோ தாயோ இச்சிகிச்சைக்குச் செல்லும் நாளில், அருகமர்ந்து உண்மையை மெல்ல எடுத்துரைமின். அவர் எழுந்தபின் செய்யவேண்டிய பணியொன்றையும் நினைவூட்டுமின். ஆய்க்குடியிற் செயலிழந்த உடலொன்று பலரை எழுப்பியதும் தனக்கொரு பணியுண்டென்று அவ்வுள்ளம் தெளிந்தமையாலன்றோ!