குதிகால் கட்டாத பனிச்சறுக்கு

வெள்ளை வெளேரென்று பனி மூடிய மலைச் சரிவு. காலில் பலகைகளை மாட்டிக்கொண்டு இருவர் சறுக்கி வருகிறார்கள். ஒருவர் சர்ரென்று பாய்ந்து மறைந்துவிடுகிறார். மற்றவரோ ஒவ்வொரு வளைவிலும் ஒரு காலை முன்னே நீட்டி, மறு காலை மண்டியிடுவதுபோல் மடக்கி, எழுந்து, மீண்டும் மடக்கி, பஸ்கி எடுப்பவர்போல் இறங்குகிறார். இவருக்கு ஏன் இந்தச் சிரமம்?

இதற்கு டெலிமார்க் முறை என்று பெயர். டெலிமார்க் என்பது நார்வே நாட்டின் ஒரு பகுதி. அங்கே மோர்கெடால் என்ற சிற்றூரில் 1825-ல் பிறந்தவர் சோன்ட்ரே நூர்ஹைம். ஏழைக் குடியானவர். அந்நாளில் பலகையிலுள்ள வாரில் கால் விரல்களை மட்டும் நுழைத்துக்கொள்வது வழக்கம். துள்ளிக் குதித்தால் பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்! நூர்ஹைம் மரத்தின் வளாரை முறுக்கிக் குதிகாலைச் சுற்றிக் கட்டினார். பலகை கழலவில்லை, குதிகாலோ தாராளமாக மேலே எழும்பியது.

1868-ல் தலைநகர் கிறிஸ்டியானியாவில் (இன்றைய ஆஸ்லோ) போட்டி நடந்தது. 42 வயது நூர்ஹைம் சுமார் 200 கிலோ மீட்டர் தூரம் சறுக்கியே போய்ச் சேர்ந்தார். இளவட்டங்களைத் தோற்கடித்துப் பரிசையும் தட்டிக்கொண்டார். வறுமை விடவில்லை. 1884-ல் அமெரிக்காவுக்குக் குடியேறினார். 1897-ல் வடக்கு டகோட்டாவில் காலமானார். அதுவோ பரந்த சமவெளி. சறுக்கி இறங்க மலை ஏது?

குதிகால் கட்டப்படாததில் ஓர் ஆபத்து உண்டு. வேகத்தில் உடல் முன்னே சாய்ந்தால் குப்புற விழ வேண்டியதுதான். அதற்காகவே ஒரு பலகை முன்னே போகிறது, பின்காலின் குதி உயர்கிறது. இரண்டு பலகைகளும் சேர்ந்து ஒரே நீண்ட வளைவாகின்றன. பாரம் இரு கால்களிலும் விழ வேண்டும். முன்காலிலேயே ஊன்றினால் பின்பலகை அலைபாயும். புதிதாகப் பழகுகிறவரின் தொடை படும் பாடு சொல்லி முடியாது!

1930-களில் எஃகுக் கம்பியால் குதிகாலைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கட்டு பரவியது. இழுவை இயந்திரங்களும் வந்தன. ஏற வேண்டிய வேலை இல்லை, இறங்கினால் போதும். பழைய முறையை மலைச் சரிவுகள் ஏறக்குறைய மறந்தே போயின.

1970-களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சில இளைஞர்கள் அதைத் தேடிப் பிடித்தார்கள். இயந்திரம் எட்டாத மலைகளில் நடந்து ஏறவும் அதே பலகையில் இறங்கவும் குதிகால் எழும்ப வேண்டுமே! இன்று அந்தத் தேவையும் இல்லை. ஏறும்போது அவிழ்த்து, இறங்கும்போது பூட்டிக்கொள்ளும் கட்டுகள் கடையிலேயே கிடைக்கின்றன.

அப்படியிருந்தும் விடாமல் மண்டியிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்களுக்குச் சலிப்பூட்டும் சாதாரணச் சரிவுகூட இவர்களுக்கு வேலை வைக்கிறது. உடல் தாழத் தாழ, பனி கைக்கெட்டும் தூரத்தில் ஓடுகிறது. ஒரு வளைவு சரியாக அமைந்துவிட்டால் அடுத்த வளைவுக்கு மனம் ஏங்குகிறதாம்!

குளிர்கால ஒலிம்பிக்கில் டெலிமார்க்குக்குத் தனிப் போட்டி கிடையாது. ஆனால் உயரத்திலிருந்து பறந்து தாண்டும் பனிப் போட்டியைப் பாருங்கள். வீரர் தரையைத் தொடும் கணத்தில் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக முழங்கால் மடங்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள். அந்த நிலைக்கு இன்றும் டெலிமார்க் என்றுதான் பெயர்.