சாமந்தியை ஏமாற்றும் விளக்கு

ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில், அட்சுமி தீபகற்பத்தின் பசுமைக்குடில்கள் இலையுதிர்கால இரவுகளில் வரிசை வரிசையாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். உள்ளே வேலையாட்கள் யாரும் இல்லை. இருப்பதெல்லாம் சாமந்தி, அது இப்போதே பூத்துத் தொலைத்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு மின்சாரச் செலவு!

சாமந்தி குறும்பகல் தாவரம். இரவு நீண்டால்தான் மொட்டு கட்டும். நடுநிசியில் சில மணி நேரம் விளக்கைப் போட்டால் நீண்ட இரவு இரண்டு குட்டி இரவுகளாக உடைந்துபோகிறது. இன்னும் கோடைதான் என்று செடி இலையாக விட்டுக்கொண்டே இருக்கும். புத்தாண்டுக்குப் பூ வேண்டுமா? அதற்கு இரண்டு மாதம், இரண்டரை மாதம் முன்பே விளக்கை அணைத்துவிட வேண்டும்.

இந்த உத்தியின் தொடக்கம் ஒரு புகையிலைச் செடியில் இருக்கிறது. வாஷிங்டனை அடுத்த ஆர்லிங்டன் அரசுப் பண்ணையில் ‘மேரிலாந்து மாம்மத்’ என்ற ரகம் கோடை முழுக்க ஆளை மிஞ்சி வளர்ந்தது, பூக்கவில்லை. அங்கிருந்த ஆய்வாளர்கள் கார்னர், அல்லார்ட் இருவரும் 1918 ஜூலையில் தொட்டிகளை மாலைப்பொழுது வருமுன்பே இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளினார்கள். செடிகள் பூத்தன. 1920இல் முடிவு வெளியானது. செடி அளப்பது பகலை அல்ல, இரவை என்பதை ஆய்வாளர்கள் ஹாம்னரும் பானரும் 1938இல் காட்டினார்கள்.

எந்த நிற ஒளி அந்த இரவை உடைக்கிறது? சிவப்பு. இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி, 660 நானோமீட்டர் அளவிலுள்ள சிவப்பை வாங்கியதும் ஒரு வடிவத்துக்கு மாறும். கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் 730 நானோமீட்டர் தூரச் சிவப்பு பட்டால் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். பழைய குண்டு பல்பில் இரண்டும் கலந்திருந்தன, ஆகவே வளர்ப்பவர்கள் நிறத்தைப் பற்றி யோசிக்கவில்லை. எல்இடி வந்த பிறகுதான் நிறத்தைப் பொறுக்கும் வேலை வந்தது. பாடப்புத்தகப்படி 660ஐ வாங்கினால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் பச்சை இலையில் அந்த ஒளியைப் பச்சையமும் விழுங்கிவிடுகிறது. சாமந்தியில் சோதித்தபோது ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் இடைப்பட்ட 600 முதல் 640 வரையிலான ஒளியே நன்றாக வேலை செய்தது.

நேரம் காட்ட மங்கலான விளக்கு போதும். பசியாற்ற அது போதாது. சூரியனே இல்லாத அறைக்குள் வளர்ப்பவர்களுக்கு ஒளிச்சேர்க்கைக்கான பலத்த ஒளியும் வேண்டும். அதில் நீலம் கூடினால் செடி குட்டையாக, கட்டுக்கோப்பாக நிற்கும். தூரச் சிவப்பு கூடினால் தண்டு நீண்டு நெடுநெடுவென்று போகும். நீலமும் சிவப்பும் மட்டும் கலந்த ஊதா விளக்குகள் ஒரு காலத்தில் வெகுவாக விற்றன. அந்த வெளிச்சத்தில் இலைப் பழுப்பும் தெரியாது, பூச்சியும் தெரியாது. வெள்ளை எல்இடியோடு கொஞ்சம் சிவப்பைச் சேர்ப்பதே புத்திசாலித்தனம். அதிலுள்ள பச்சை ஒளியும் வீணல்ல, மேலிலையைக் கடந்து கீழிலை வரை இறங்கும்.

2018 முதல் கஞ்சா சட்டபூர்வமாகிவிட்ட கனடாவில், உரிமம் பெற்ற வளர்ப்பு அறைகளிலும் சாமந்தியின் அதே இரவுக் கணக்குதான். பதினெட்டு மணி நேர வெளிச்சத்தைப் பன்னிரண்டாகக் குறைத்ததும் செடி பூக்கத் தொடங்கும்.

விளக்கைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையை இருட்டிலும் காட்ட வேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலையோர வயல்களில், தெருவிளக்கின் வெளிச்சம் விழும் வட்டத்துக்குள் இருக்கும் சோயா மட்டும் பச்சையாகவே நிற்கும்; அதுவும் குறும்பகல் தாவரம்தான். சுற்றிலும் உள்ள பயிர் அறுவடைக்குக் காய்ந்திருக்கும்.