கோவலன் குலத்து உடைகலப்பட்ட முன்னோன்

மணிமேகலைக்கு அப்பெயர் வாய்த்த வரலாற்றைச் சிலப்பதிகாரம் அடைக்கலக் காதையில் உரைக்கின்றது. கோவலனின் முன்னோன் ஒருவன் கடலில் கலம் உடைந்து அல்லலுற்றபோது மணிமேகலா தெய்வம் அவனைக் காத்தது. அந்நன்றி மறவாது கோவலன் தன் மகட்கு அத்தெய்வத்தின் பெயரை இட்டான் என்பது செய்தி. பெயர்க்காரணம் கூறும் அளவில் இப்பகுதியைக் கடந்து செல்வதே பெரும்பான்மை வழக்கு. அம்முன்னோனுக்கு நேர்ந்தது யாது, அச்செய்தி எவ்வழி வந்தது என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண், இதனைச் சொல்வோர் யாவர் எனக் காண்டல் வேண்டும். மதுரைப் புறஞ்சேரியில் கோவலனைக் கண்ட மாடலன், பெயரிடு விழாவில் கோவலன் கூறியவற்றை அவனுக்கே நினைவூட்டுகின்றான். ஆதலின் இது குடும்பத்தார் வாய்மொழியாகப் போற்றிய செய்தி. இருள் செறிந்த இரவில் கலம் உடைந்தது. கரை சேரும் வழியின்றி அவன் சில நாள் நீந்தினான். இந்திரன் ஏவலால் அங்கு உறையும் தெய்வம் தோன்றி, அவன் செய்த பெருந்தானத்தின் பயன் ஒழியாது என்று கூறித் துயர் துடைத்தது. முன்னோனின் பெயரும், அவன் சென்ற நாடும், கோவலனுக்கு அவன் எத்தனையாவது தலைமுறை என்பதும் கூறப்பெறவில்லை.

இதே செய்தி மணிமேகலை இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் கூற்றாக மீண்டும் வருகின்றது. இரண்டையும் ஒப்பிடின் வேறுபாடு புலனாகும். 'சில நாள்' என்பது 'ஏழு நாள்' ஆகின்றது. தானத்தின் இடத்தைச் சீலம் பெறுகின்றது. இந்திரனின் பாண்டு கம்பளம் நடுங்குகின்றது. வணிகனோ போதி மூலம் பொருந்த வருவோன், அஃதாவது போதிசத்துவன் ஆகின்றான்.

இம்மாற்றங்களின் ஊற்றைப் பாலி மொழிச் சாதகக் கதைகளிற் காணலாம். மகாசனக சாதகத்தில் சுவர்ணபூமி நோக்கிச் சென்ற மகாசனகன் கலம் உடைந்து ஏழு நாள் நீந்துகின்றான். மணிமேகலையே அவனை எடுத்து மிதிலை சேர்க்கின்றாள். சங்க சாதகத்திலும் ஏழு நாள் நீந்திய சங்கன் என்னும் அந்தணனுக்கு உதவுபவள் அவளே. இத்தெய்வம் காவிரிப்பூம்பட்டினத்தோடு அமைவதன்று. தாய்லாந்து, கம்போடியா நாடுகளின் ஆடல்களிலும் அவள் இன்றும் தோன்றுகின்றாள். இவ்வுறவுகளைப் பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்துள்ளார். ஆகவே ஏழு நாள் என்னும் கணக்கு குடும்ப நினைவன்று, சமய மரபு தந்தது எனக் கருதுதல் தகும்.

அங்ஙனமாயின் முன்னோன் கதை முழுதுமே சாதகத்தினின்று எடுத்த புனைவாகாதோ எனின், தெய்வம் காத்த பகுதிக்கு அது பொருந்தலாம். கலம் உடைந்ததற்குப் பொருந்த வேண்டுவதில்லை. கடல் வாணிகக் குடிகட்கு உடைகலம் அன்றாட அச்சம். மணிமேகலைக் காப்பியத்திலேயே வேறு இரண்டு உடைகலங்கள் உள. சாதுவனின் கலம் உடைந்தபோது, உயிர் பிழைத்து வந்தோர் அவன் இறந்தான் என ஆதிரைக்கு உரைத்தனர். அச்சொல்லை நம்பி அவள் தீப்புகுந்தாள். தீ அவளைச் சுடவில்லை. அவன் நாகர் மலையில் உயிருடன் இருந்தான். பின்னர்ச் சந்திரதத்தன் வங்கத்தில் மீண்டான். பீலிவளையின் மகனைக் கொணர்ந்த கம்பளச் செட்டியின் கலம் உடைந்தபோதும், பிழைத்தோரே அரசனுக்கு அறிவித்தனர். அம்மகவு மீளவில்லை.

கடலிற் சென்றோன் முடிவை இல்லத்தார் அறிந்த முறை இதுவே. உடன்சென்று பிழைத்தவன் சொல்லே சான்று. அச்சொல் பிழைபடின் ஓர் உயிர் வீணே தீப்புகும். கோவலன் முன்னோனுக்கோ அத்தகைய சான்று இல்லை. உடன்சென்றார் எவரும் இரு காப்பியங்களிலும் பேசப்படவில்லை. தனித்து நீந்தி மீண்டவனின் அனுபவத்திற்கு அவனே சான்று. காண்பார் இல்லாத இடத்தில் தெய்வம் தோன்றுதல் இயல்பே.

இங்கு ஒரு மயக்கத்தையும் நீக்குதல் வேண்டும். மணிமேகலை இருபத்தெட்டாம் காதை, ஒன்பது தலைமுறைக்கு முன் வாழ்ந்த கோவலன் என்பான் ஒருவனைக் குறிப்பிடுகின்றது. சேர மன்னனின் நண்பனாகிய அவன் அறங்கேட்டுத் தன் பொருளையெல்லாம் ஏழு நாளில் வழங்கி, வஞ்சியில் சயித்தம் எடுத்தவன். அவனும் உடைகலப்பட்டவனும் ஒருவரே எனக் கொள்ள ஆசை எழலாம்; இரு செய்திகளிலும் ஏழு நாள் வருதல் அவ்வாசையை வளர்க்கும். எனினும் நூல் அவ்விருவரையும் ஒன்றாகக் கூறவில்லை. பெயரறியா ஒருவனுக்குக் கிடைத்த பெயரைச் சூட்டுதல் ஆராய்ச்சி ஆகாது.

எஞ்சுவன சிலவே: ஓர் இரவு, உடைந்த கலம், சில நாள் நீச்சல், மீண்ட உயிர். முன்னோன் பெயரைக் குலம் மறந்தது. காத்த தெய்வத்தின் பெயரை மறக்கவில்லை. அப்பெயர் ஒரு பெண் குழந்தைக்கு இடப்பெற்று, அவள் வழியே ஒரு காப்பியத்தின் பெயரும் ஆயிற்று. கடலில் மறையாது மீண்ட அவ்வணிகனுக்கு நம்மிடம் உள்ள ஆவணம் அதுவே என்பது எம் துணிபு.