செடி வளரல, வெளிச்சம் தேடுது

வாங்கும்போது உங்க எச்சிவேரியா ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக, கச்சிதமாக இருந்திருக்கும். ஹாஸ்டல் மேசையில் வைத்த 2 மாதத்தில் தண்டு நீண்டு, இலைக்கு இலை இடைவெளி விழுந்து, நிறம் வெளுத்து, ஜன்னல் பக்கம் சாய்ந்து நிற்கும். "சூப்பரா வளர்ந்துருச்சுடா" என்று ரூம்மேட் சொல்வான். என்னிடமும் சொன்னான், நானும் நம்பினேன். உண்மையில் செடி பட்டினி கிடந்தது.

மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுறதைப் பார்த்திருப்பீங்க. நவதானியத்தை விதைத்து வெயில் படாத அறையில் வைப்பாங்க. கொஞ்ச நாளில் வெளிர் மஞ்சளாக, நெடுநெடுவென்று முளைத்து நிற்கும். அதே விதை வயலில் குட்டையாக, பச்சையாக வந்திருக்கும். இருட்டில் இருக்கும் பயிர், இலைக்கும் பச்சையத்துக்கும் செலவழிக்க வேண்டியதைத் தண்டை நீட்டுவதில் போடுகிறது, மேலே போனால் வெளிச்சம் கிடைக்கும் என்ற கணக்கில். விதையில் உள்ள சேமிப்பு தீரும்வரை அது நடக்கும். சக்குலென்டுக்குச் சேமிப்பு தடித்த இலையில் இருக்கு. அதனால்தான் மாதக்கணக்கில் சாகாமல் நீண்டுகொண்டே போய் நம்மை ஏமாற்றுது.

சாய்வதற்குக் காரணம் ஆக்சின் என்ற ஹார்மோன். நிழல் பக்கம் அது அதிகம் சேர, அந்தப் பக்கத்து செல்கள் நீள, தண்டு வெளிச்சத்தை நோக்கி வளையும். ஆக்சினைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே, 1880-ல், நாற்றின் நுனியை மூடினால் அது வளைவதில்லை என்று டார்வினும் மகன் பிரான்சிஸும் எழுதிவிட்டார்கள்.

"மதுரையில வெயிலுக்கா பஞ்சம்?" வெளியே இல்லை. நண்பகல் வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். டியூப்லைட் போட்ட அறையில் சில நூறுதான். நம் கண் பழகிவிடுவதால் வித்தியாசம் தெரியாது. போனில் லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு மேசையிலும் மொட்டைமாடியிலும் அளந்து பாருங்க, புரியும்.

இன்னொரு சிக்கல், இணையத்தில் கிடைக்கும் அறிவுரை. 'தெற்கு ஜன்னலில் வையுங்கள்' என்பார்கள். அது பூமத்திய ரேகைக்கு ரொம்ப வடக்கே இருக்கிறவங்களுக்குச் சரி. மதுரை இருப்பது சுமார் 10 டிகிரி வடக்கில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கும் வடக்கே நிற்கும். அப்போது தெற்கு ஜன்னலில் நேர் வெயிலே விழாது. மேற்கு ஜன்னல் சித்திரையில் அடுப்பு. நமக்குக் கிழக்கு ஜன்னல்தான், வருஷம் முழுக்கக் காலை வெயில்.

நீண்ட தண்டு திரும்பச் சுருங்காது. இடம் மாற்றினால் இனி வரும் இலைகள்தான் நெருக்கமாக வரும். எனவே வெட்டணும். அதற்கு முன் ஒரு நிமிஷம் பாருங்க: அது பூத்தண்டாக இருக்கலாம் (எச்சிவேரியாவில் இலைகளுக்கு இடையிலிருந்து பக்கவாட்டில் கிளம்பும்). அடி இலை கொழகொழவென்று இருந்தால் அது தண்ணீர் அதிகமானதன் பிரச்சினை, வேறு கதை.

சுத்தமான பிளேடால், மேல் அடுக்குக்குக் கீழே 2, 3 செ.மீ. தண்டு விட்டு வெட்டுங்க. நிழலில் 4, 5 நாள் வெட்டு காயட்டும். உடனே நட்டால் அழுகும். பிறகு மண்ணும் பெருமணலும் சரிபாதி கலந்து நட்டு, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர். மிச்சம் நிற்கும் மொட்டைத் தண்டைத் தூக்கிப் போடாதீங்க, பக்கத்தில் குட்டிகள் விடும். தை, மாசியில் செய்வது நல்லது. ஐப்பசி மழையில் அழுகல் பயம், மே மாதம் சொல்லவே வேண்டாம். கற்றாழையை இப்படி வெட்டாதீங்க, இடம் மாற்றினால் போதும்.

வெட்டியதை ஒரே நாளில் மொட்டைமாடி வெயிலுக்குக் கொண்டுபோகாதீங்க. நான் கொண்டுபோனேன், இலையெல்லாம் பழுப்புத் தழும்பு, அது ஆறவே ஆறாது. காலை வெயில் முதலில் 1 மணி நேரம், பிறகு 2 வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்க.

கிழக்கு ஜன்னல் இல்லாத அறைக்காரங்க எச்சிவேரியாவை விட்டுட்டு ஹவொர்த்தியா வாங்குங்க. குறைந்த வெளிச்சத்தையும் தாங்கும்.